அறுத்த வாங்கு

எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தில், ஆட்கள் வரிசையாக இருக்கிற ஒரு நீள மர வாங்கு இருக்கிறது. அதற்கு இரண்டு கால்கள்தான். மற்ற இரண்டு கால்களும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கழகத்தின் அறையில் இருக்கின்றன. எங்களுடைய பாதியின் அறுபட்ட முனைக்குக் கீழே பியர்ப் பெட்டிகளை அடுக்கி முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோம். அவர்கள் எதை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த அறைக்குள் எங்கள் ஆட்கள் போனால் நடந்து திரும்பி வர மாட்டார்கள்.

எங்கள் கழகம் என்று சொல்கிறேனே தவிர, நான் குரோவேசியன் இல்லை. யாழ்ப்பாணத்தான். வெளிநாட்டில், இன்டர்லாக்கன் என்ற மலையூரில், ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. ஆனாலும் குரோவேசியத் தொழிலாளர் உதைபந்தாட்டக் கழகத்துக்குப் பல வருடங்களாகக் கோல் காத்தவன் நான்தான். என் மூக்கு இப்போது இருக்கிற கோணத்தில் இருப்பதற்கும் அதுதான் காரணம்.

ஏன் எங்கட ஆட்களின் கழகத்தில் சேரவில்லை என்று என்னிடம் கேட்காத தமிழன் இந்த நாட்டில் இல்லை. சேர்ந்தேனே. முதல் நாளே எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், யாருடைய மகன் என்று துருவினார்கள். அடுத்த கோடையில் அந்தக் கழகம் இரண்டாகப் பிரிந்தது. அதற்கடுத்த கோடையில் இரண்டில் ஒன்று மறுபடி இரண்டானது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொங்கல் விழா. போதுமடா சாமி என்று விலகிவிட்டேன். குரோவேசியர்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பந்து பிடிப்பாயா?

கேட்டவரை இங்கே கப்டன் என்றே எழுதுகிறேன். கிரேன் ஓட்டுபவர். உச்சியில் ஒரு கூட்டுக்குள் இருந்துகொண்டு, கீழே நிற்பவனின் கையசைவைப் பார்த்துக் கொங்கிறீட் இறக்குகிற வேலை. அவருடைய மனைவிக்கு எங்கள் ஹோட்டலில் துணி வெளுக்கிற லோன்றியில் வேலை. பள்ளிக்கூட அணிக்குக் கோல் காத்த என் வீரப் பிரதாபங்களைச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அம்மாவிடம் அளந்து விட்டிருந்தேன். அவர் வீட்டில் போய்ச் சொல்ல, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கப்டன் வந்து என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

முதல் பயிற்சியில் அவர் உதைத்த பந்தைப் பாய்ந்து பிடித்தேன். "தா, தா" என்றார். எழும்பிப் போய் அவர் கையில் கொடுத்தேன். மறுபடி உதைத்தார், மறுபடி பிடித்தேன், மறுபடி "தா". இவருக்கென்ன, உருட்டிவிட்டால் எடுக்க மாட்டாரா, கையில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் வாங்குவாரா என்று எனக்குள் கடுப்பு ஏறிக்கொண்டிருந்தது. அவருக்கும் ஏறிக்கொண்டிருந்தது. பாதி மைதானம் நடந்து நடந்து பந்து கொடுக்கிற கோல் காப்பாளரை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு 'ஓம்', அதாவது ஆமாம், என்று அர்த்தம் என்பதைக் கடைசியில் அணியில் விளையாடிய ஒரு பெயின்றர்தான் விளக்கினார். கப்டன் சிரித்துக்கொண்டு என் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டார். எனக்குப் புரையேறிவிட்டது. அந்தக் கழகத்தில் அன்பும் அடியாகத்தான் வரும்.

எனக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது வேலைத்தளத்திலும் சமையலறையிலும் பொறுக்கிய ஜெர்மன். அதை அப்படியே எழுதினால் உங்களுக்கும் விளங்காது, எங்கள் இரண்டு பேருக்கும் மானம் போகும். அதனால் அவர் சொன்னதையெல்லாம் என் மண்டைக்குள் விழுந்தபடி, எங்கட பேச்சிலேயே எழுதுகிறேன்.

கழகத்தின் வரலாற்றை யாரும் எழுதி வைக்கவில்லை. எவனாவது அடிபட்டுக் கிடக்கும்போது, பக்கத்தில் இருந்து ஐஸ் பையைப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு துண்டாகச் சொல்வார்கள். எனக்கு மூக்கு உடைந்த அன்று தொடக்க காலம் தெரிந்தது. விலா எலும்பு போன அன்று பிளவு தெரிந்தது. அடிபடாதவனுக்கு அந்தக் கழகத்தைப் பற்றி ஒன்றுமே தெரிய வராது.

கப்டனின் அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் மலைக்குள் சுரங்கப்பாதை குடைய வந்தவர்கள். வருடத்தில் சில மாதங்களுக்கான பருவ வேலை அனுமதி. பனி விழுந்தால் ஊருக்குப் போய்விட வேண்டும். மனைவி பிள்ளைகளைக் கூட்டி வரக் கூடாது. பலகைக் கொட்டிலில் ஓர் அறைக்குள் எட்டுப் பேர். ஞாயிற்றுக்கிழமை கிராமத்து உணவகத்துக்குப் போனால் அவர்கள் காலில் கிடக்கிற சேற்றுச் சப்பாத்தைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். போக இடமில்லாதவர்கள் சுரங்கத்திலிருந்து கொட்டிய கல்மேட்டைச் சமன் செய்து பந்து உதைத்தார்கள். கழகம் தொடங்கி விளையாடிய முதல் போட்டி இடைவேளை வரைதான் நடந்தது. கிராமத்து அணியில் ஒருவன் ஏதோ ஒரு மிருகத்தின் பெயர் சொல்லிக் கூப்பிட, கப்டனின் அப்பா அவனுடைய இரண்டு முன்பற்களைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். அப்படிப் பிறந்த கழகம் வேறு எப்படி வளரும்?

அப்போது அது குரோவேசியக் கழகம் இல்லை. இப்போது வரைபடத்தில் இல்லாத ஒரு நாட்டின் கழகம். அந்த நாட்டின் எல்லாப் பக்கத்து ஆட்களும் ஒரே சுரங்கத்தில் குடைந்து, ஒரே அறையில் குறட்டை விட்டு, ஒரே சட்டையில் விளையாடினார்கள். கொங்கிறீட்டுக்குப் பலகையடிக்கிற தச்சர்கள் மிஞ்சிய பலகையில் செய்ததுதான் அந்த வாங்கு. முழு அணியும் நெருக்கியடித்து இருக்கலாம்.

அங்கே யுத்தம் தொடங்கியதும் வாங்கில் ஓர் இடைவெளி விழுந்தது. அந்த முனையில் யுத்தத்தின் மறுபக்கத்தவர்கள், இந்த முனையில் குரோவேசியர்கள், நடுவில் யாரும் இருப்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கழக அறையில் தொலைக்காட்சியில் ஒரு குரோவேசிய நகரம் எரிவதைக் காட்டினார்கள். அந்த முனையில் இருந்த ஒருவன் சிரித்தான். சிரிக்கவில்லை, இருமினான் என்று அவர்கள் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்கள். சிரிப்போ இருமலோ, அடுத்த நிமிடம் போத்தல் பறந்தது. கப்டனின் அப்பாவுக்குக் காதிலிருந்து வாய் வரை கன்னம் கிழிந்தது. ஒரே கொட்டிலில் அடுத்தடுத்த கட்டிலில் வருடக்கணக்காகப் படுத்தவர்களில் ஒருவன் மற்றவனை வெளியே மைதானத்துக்கு இழுத்துப்போய்க் கையைக் கோல் கம்பத்தில் வைத்து முறித்தான். பிற்காலத்தில் அனுமதி கிடைத்து அப்பாவிடம் வந்து சேர்ந்திருந்த, அப்போது சிறுவனான கப்டனை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார்களாம். அங்கிருந்து அவர் பார்த்தது முழுக்கச் சப்பாத்துக்களும், நிலத்தில் விழுந்த பற்களும்தான்.

பொலிஸ் வந்து பிரித்துவிட்ட பிறகு சொத்துப் பிரிப்பு நடந்தது. பந்துகளைப் பிரித்தார்கள். வலைகளைப் பிரித்தார்கள். வாங்கைப் பிரிக்க வழியில்லை. கப்டனின் அப்பா கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு மரம் அறுக்கிற வாளை எடுத்து வந்தார். அவர் அறுக்க, மறுமுனையை எதிரிகளில் ஒருவன் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றானாம். அவனுடைய வாயிலிருந்தும் இரத்தம் பலகையில் சொட்டிக்கொண்டிருந்ததாம். ஏன் பிடித்தான் என்று கேட்டேன். அவன் தச்சன், வெட்டு வளைந்து போவதை ஒரு தச்சனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா என்று என்னைத் திருப்பிக் கேட்டார்கள். வெட்டு உண்மையிலேயே நேராகத்தான் இருக்கிறது. நான் கையால் தடவிப் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் விலாவில் ஐஸோடு கேட்டுக்கொண்டு கிடந்தேன். எனக்கு இது புதிய கதை இல்லை. வாங்கு மட்டும்தான் புதிது.

அந்த அடிதடி எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சமையலறையில் வாரம் முழுக்க ஷெஃப் கத்துவான். சட்டியை எறிவான். சுடுதண்ணீர் தெறித்தால் சிரிப்பான். நாங்கள் வாயை மூடிக்கொண்டு கழுவுவோம். பெயின்றர், கூரைக்காரர், வீதி போடுகிறவர் எல்லோருக்கும் அப்படி ஒரு கத்துகிறவன் இருந்தான். வாரம் முழுக்க விழுங்கியதை ஞாயிற்றுக்கிழமை துப்புவோம். எதிரணிக்காரனின் கணுக்காலில் சப்பாத்து இறங்கும்போது, உண்மையில் அது யாருடைய கணுக்கால் என்று எங்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். திங்கட்கிழமை வீங்கிய முகத்தோடு வேலைக்குப் போனால் ஷெஃப் அன்று ஒரு நாளாவது என்னைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் திட்டுவான்.

இதற்கு ஒரு முடிவு வரத்தானே வேண்டும். ஓர் இலையுதிர்காலத்தில் ஒரு கிராமத்து அணியோடு நடந்த போட்டியில் எங்கள் முன்வரிசைக்காரன் ஒருவன் அவர்களில் ஒருவனின் தாடையை முறித்துவிட்டான். கீழே விழுந்தவனை மிதிக்கவும் செய்தான். அந்தக் கிராமத்தவர் வேலிக் கம்பை உருவிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்க, எங்கள் ஆட்கள் மூலைக்கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு எதிர்கொள்ள, அரை மணி நேரம் அது விளையாட்டு மைதானமாகவே இருக்கவில்லை. நான் கோல் வலைக்குள் சுருண்டு கிடந்தேன். என் தலைக்கு மேலே கம்பத்தில் கம்பு மோதி முறிகிற சத்தம் இப்போதும் கேட்கிறது.

அடுத்த வாரம் உதைபந்தாட்டச் சங்கத்திலிருந்து ஒருவர் கழக அறையாக நாங்கள் பாவித்த பழைய இரும்புக் கொள்கலனுக்கே நேரில் வந்தார். குரல் உயர்த்தவில்லை. கோப்பிகூட வேண்டாம் என்றார். "இனி ஒரு போட்டியில் உங்களில் ஒருவன் கை ஓங்கி அடித்தாலும் இந்தக் கழகம் இல்லை. யார் தொடங்கியது என்று கேட்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டு, அந்த இரண்டு கால் வாங்கை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

கப்டன் அன்றைக்கு அந்த வாங்கில் இருந்து எழும்பவே இல்லை. அவருடைய அப்பா இறந்துவிட்டார். ஊரில் வீடு எரிந்துபோய்விட்டது. அப்பா கையால் தொட்டுச் செய்தது என்று அவருக்கு மிஞ்சியிருந்தது இந்தக் கழகம்தான். அதையும் தன்னுடைய காலத்தில் மூடிவிட்டார்கள் என்று கல்லறையில் போய்ச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.  

பிறகு அவர் ஒரு சட்டம் கொண்டுவந்தார்.

"ஆரும் உங்களை இடிச்சா, துப்பினா, உங்கட அப்பரைப் பற்றிக் கதைச்சா, ரெண்டு கையாலயும் உங்கட காற்சட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கவேணும். கை அங்கதான் இருக்கவேணும். விளங்குதோ?"

"அடிச்சா?" என்றான் தாடை முறித்தவன்.

"அடிச்சாலும் காற்சட்டை."

சிரிக்காதீர்கள். அந்தக் குளிர்காலம் முழுக்கப் பயிற்சியில் இதைத்தான் செய்தோம். ஒருவன் மற்றவனின் பிடரியில் அறைவான். அறை வாங்கியவன் காற்சட்டையின் ஓரத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு பற்களைக் கடித்தபடி நிற்பான். பத்துப் பதினைந்து வளர்ந்த ஆண்கள், ஒவ்வொருவனும் ஒரு சீமெந்து மூட்டையைத் தனியாகத் தூக்கக்கூடியவன், பனிக்குள் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு அறை வாங்கி நின்ற காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வசந்த காலத்தில் போட்டிகள் தொடங்கியபோது எங்கள் கைகள் தாமாகவே அங்கே போகப் பழகியிருந்தன. ஒவ்வொரு போட்டியாகத் தப்பித் தப்பி வந்தோம்.

கடைசிப் போட்டி வாங்கின் மற்றப் பாதியை வைத்திருக்கிற கழகத்தோடு.

எங்கள் நிலைமை அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கோல் போட வரவில்லை. எங்களில் ஒருவனை அடிக்க வைக்க வந்தார்கள். ஒரே ஓர் அடி போதும். அவர்களுடைய அப்பாமாரால் போத்தலால் செய்ய முடியாததை இவர்கள் எங்கள் கையாலேயே செய்து முடிக்கலாம்.

தொடங்கிய உடனேயே பெயின்றரின் முகத்தில் ஒருவன் காறித் துப்பினான். பெயின்றர் காற்சட்டையைப் பிடித்தார். கூரைக்காரனின் விலாவில் முழங்கை இறங்கியது. காற்சட்டை. இடதுபக்கம் விளையாடியவனின் பிடரியில், பந்து எங்கேயோ இருக்கும்போது, நடந்து போகிறபோக்கில் ஒருவன் அறைந்தான். அவன் காற்சட்டையைப் பிடித்த பிடியில் தையல் பிரிந்து தொடை தெரிந்தது. வெளியே நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனுடைய கண்களில் தண்ணீர் நின்றது. பின்வரிசைக்காரனின் முழந்தாளுக்குக் கீழே ஒரு சப்பாத்தின் ஆணிகள் தோலை உரித்துக்கொண்டு போயின. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அவனும் அந்த வெள்ளையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே காற்சட்டையைப் பிடித்தான். நடுவர் மெலிந்த மனிதர். விசில் ஊதி ஊதி மஞ்சள் அட்டையைத் தூக்கித் தூக்கி அவருக்கு மூச்சு வாங்கியது. அவர் ஒரு பக்கம் ஓடினால் மறுபக்கம் ஒருவன் விழுவான்.

கப்டன் மைதானத்தின் நடுவில் நின்று ஒவ்வொருவனின் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். "காற்சட்டை, காற்சட்டை" என்று அவர் கத்துகிற சத்தம்தான் போட்டி முழுக்க. எனக்கு வந்த ஆத்திரத்தில் கோல் கம்பத்தைக் கடித்துவிடலாம் போல இருந்தது. அடி வாங்குவது வேறு. அடி வாங்கிக்கொண்டு சும்மா நிற்பது இரத்தத்தையே புளிக்க வைக்கும்.

இரண்டாம் பாதியில் ஒரு பந்து என்னை நோக்கி உருண்டு வந்தது. நிலத்தோடு படுத்து அணைத்துக்கொண்டேன். அவர்களில் மொட்டை அடித்த ஒருவன் ஓடி வந்தான். பந்து என் கைக்குள் அடங்கிய பிறகு, நிதானமாக, காலைத் தூக்கி என் வலது கையில் மிதித்தான். கரட் கிழங்கு முறிகிற மாதிரி ஒரு சத்தம். சமையலறையில் நாளாந்தம் கரட் முறிக்கிற எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். பிறகு விலாவில் ஓர் உதை. மூச்சு போய்விட்டது. அவன் குனிந்து சிரித்துக்கொண்டு என் தலைமயிரைப் பிடித்தான்.

அப்போது கப்டன் ஓடி வருவது தெரிந்தது. அவருடைய கைகள் காற்சட்டையில் இல்லை.

காலம் முழுக்க மற்றவர்களின் கையைப் பார்த்தவர், எனக்கு விழுந்த அடியைப் பார்த்ததும் தன்னுடைய சட்டத்தையே மறந்துவிட்டார். மொட்டையின் சட்டைக் கழுத்தை இடது கையால் கொத்தாகப் பிடித்து நிமிர்த்தினார். வலது கை முட்டியாக முறுகிப் பின்னால், காதுக்குப் பின்னால் போனது. அந்த முட்டி இறங்கினால் மொட்டையின் முகம் அவனுடைய தாய்க்கே அடையாளம் தெரியாது. நடுவர் தூரத்திலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார். மற்றப் பாதிக்காரர்கள் ஒருவரும் தடுக்கவில்லை. அவர்கள் காத்திருந்ததே இதற்குத்தான். மொட்டைகூடச் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

கழகம் போகப் போகிறது. என் மண்டைக்குள் வேறு ஒன்றும் இல்லை. முழந்தாளில் எழும்பினேன். ஜெர்மன் வரவில்லை. அவர்கள் மொழியில் எனக்குத் தெரிந்தது முழுக்கத் தூஷணம். வந்தது தமிழ்தான். உடையாத கையை முழுக்க நீட்டிக்கொண்டு, இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினேன்.

"விடு, விடு, விடு."

கப்டன் நின்றுவிட்டார். முட்டி அப்படியே தளர்ந்து இறங்கியது. பிடித்த சட்டையும் கைவிட்டுப் போனது. தலையைத் திருப்பினார். என்னைப் பார்க்கவில்லை. என் கை நீண்டிருந்த திசையில், மைதானத்துக்கு அப்பால், வீதியில் மஞ்சள் நிறப் போஸ்ட் பஸ் ஒன்று போய்க்கொண்டிருந்த பக்கம் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கவனமாகப் பார்த்தார்.

மொட்டை தன் தலையைப் பின்னால் எடுத்து அவருடைய முகத்தில் இடித்தான். இடது கண்ணுக்குக் கீழே எலும்பு உள்ளே போனதை நான் பார்த்தேன். அவர் மடிந்து முழந்தாளில் விழ, விழுந்த முகத்தை மொட்டையின் முழங்கால் அதே இடத்தில் சந்தித்தது. விரல்களுக்கு இடையால் இரத்தம் கொட்டியது. இரத்தம் மட்டும் இல்லை.

எங்கள் ஆட்கள் எல்லாத் திசையிலிருந்தும் ஓடி வந்தார்கள். பெயின்றர் மூலைக்கொடியைப் பிடுங்கிவிட்டார். தாடை முறித்தவன் மிருகம் மாதிரி உறுமிக்கொண்டு வந்தான். அவ்வளவுதான், இன்றைக்கு ஒருவன் சாவான் என்று நினைத்தேன். முகத்தைப் பொத்திக்கொண்டு கிடந்த கப்டன் தலையைத் தூக்காமலே கத்தினார்.

"காற்சட்டை."

நின்றார்கள். கொடி கீழே விழுந்தது. கப்டனைச் சுற்றி வட்டமாக நின்று, ஒவ்வொருவனும் இரண்டு கையாலும் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு, மூக்கும் கண்ணும் ஒழுக நின்றார்கள். தாடை முறித்தவன் தன்னுடைய உதட்டையே கடித்துக் கிழித்துவிட்டான். நடுவர் வந்து சேர்ந்தபோது கண்டது அதைத்தான்.

கழகம் தப்பியது. எங்கள் பக்கத்தில் ஒருவனும் அடிக்கவில்லை என்று நடுவர் சொன்னதைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. அடுத்த வெள்ளிக்கிழமை கொள்கலனில் எல்லோரும் கூடினோம். கதை அதற்குள் தயாராகிவிட்டிருந்தது. ஓங்கிய கையைத் தானே இறக்கினாராம் கப்டன். எதிரி சிரித்துக்கொண்டு முன்னால் நிற்க, கழகத்தை நினைத்து, அப்பாவை நினைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அப்பா வாளால் பிரித்ததை மகன் தன் முகத்தைக் கொடுத்துக் காப்பாற்றினார் என்று பெயின்றர் சொல்ல, பெரிய பெரிய ஆண்கள் அழுதார்கள். ஐஸ் பை பிடித்துக்கொண்டு இனி வரப்போகிறவனுக்குச் சொல்ல வரலாற்றில் ஒரு புதிய துண்டு கிடைத்துவிட்டது. நானும் கட்டுப் போட்ட கையோடு "ஓம், ஓம், நான் பக்கத்தில நிண்டனான்" என்று தலையாட்டினேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமை வேறு. விடு என்று நான் கத்தினேன், அவர் விட்டார். என்ன மொழியில் சொன்னால் என்ன, மனிதனுக்கு மனிதன் விளங்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

லோன்றியில் கப்டனின் மனைவி படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார். எலும்புக்குத் தகடு வைத்தாயிற்று, ஆனால் இடது கண்ணுக்கு இனி வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும் என்று சொன்னார். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது, அதனால் இனிக் கிரேனில் ஏற விடமாட்டார்கள். விரிப்பிலிருந்து தலை நிமிராமலே, "உங்கட கழகம் இருக்குத்தானே. சந்தோசமோ?" என்று கேட்டார். அந்த அம்மா கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. நான் மறுமுனையைப் பிடித்து விரிப்பை மடிக்க உதவினேன். என்னால் ஒரு கையால்தான் பிடிக்க முடிந்தது. அவர் அதை வாங்கித் தானே மடித்துக்கொண்டார்.

பேர்ண் நகரில் கப்டன் கிடந்த மருத்துவமனைக்கு, மீன் அடைத்த பற்றிஸ் பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். முகத்தில் பாதி கட்டுக்குள். மற்றப் பாதி நீலமும் மஞ்சளுமாக வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் கட்டிலைக் கையால் தட்டிப் பக்கத்தில் இருக்கச் சொன்னார். கழகத்தைப் பற்றிக் கேட்டார். எல்லோரும் அழுத கதையைச் சொன்னேன். அவர் அதில் அவ்வளவு அக்கறை காட்டவில்லை. பற்றிஸைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் என்னையே பார்த்தார்.

"உன்னட்டை ஒண்டு கேக்கவேணும். அண்டைக்கு என்னத்தைப் பாக்கச் சொன்னனீ?"

எனக்கு விளங்கவில்லை.

"பார், பார் எண்டு கத்தினியே. கையும் காட்டினாய். நான் பாத்தன். பஸ் ஒண்டுதான் போச்சுது. பொலிஸ் வருகுதோ, ஆரோ கத்தியோட வாறானோ எண்டு தேடினன். படுத்துக்கிடந்து யோசிச்சுப் பாக்கிறன், பிடிபடேல்லை. என்ன இருந்தது அங்க?"

நான் பார் என்று சொல்லவே இல்லையே என்றேன். சொன்னாய் என்றார். தங்கள் மொழியில், தெளிவாக, மூன்று தரம் சொன்னேன் என்றார். சொல்லிக் காட்டினார். "விதி, விதி, விதி" என்பது போல, நாக்கு மடியாமல், அவர் வாயிலிருந்து வந்தது. அவர்கள் மொழியில் அதற்குப் பார் என்று அர்த்தம். எங்கள் 'டு'வுக்கு மடிகிற நாக்கு அவர்களுக்குக் கிடையாது. என்னுடைய 'விடு' அவர் காதில் அவருடைய சொல்லாகப் போய் விழுந்திருக்கிறது. வழக்கம் போல மரியாதையாக 'விடுங்கோ அண்ணை' என்று கத்தியிருந்தால் அவருக்கு ஒன்றுமே விளங்கியிருக்காது. திரும்பியிருக்கவும் மாட்டார். அடித்திருப்பார். கழகம் போயிருக்கும், கண் இருந்திருக்கும்.

 சொல்லாமல் விடலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். பொலிஸ் கார் ஒன்றைக் கண்டேன் என்று ஒரு பொய் சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் அந்த ஒற்றைக் கண் என்னை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அது பொய் சொல்லுகிற இடம் இல்லை.

"அண்ணை, நான் பாக்கச் சொல்லேல்லை. அது எங்கட சொல்லு. அவனை விடுங்கோ, அடியாதையுங்கோ எண்டுதான் கத்தினனான்."

அவர் பற்றிஸைக் கட்டிலோர மேசையில் வைத்தார்.

"அப்ப அங்க ஒண்டும் இருக்கேல்லை."

"இல்லை அண்ணை. ஒண்டும் இல்லை."

 பிறகு, பார்க்கிறதுக்கு உங்கட மொழியில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். 'பார்' என்றேன். அது மதுக்கடை என்றார். அதைக் கத்தியிருந்தால் மொட்டையை விட்டுவிட்டு அப்படியே குடிக்கப் போயிருப்பேன் என்றார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. சிரிக்கச் சிரிக்கத் தகடு வைத்த எலும்பு நொந்து, இரண்டு கையாலும் கட்டைப் பொத்திக்கொண்டு முனகினார். நான் எழும்பி மணியை அழுத்தப் போக, வேண்டாம் என்று என் சட்டையைப் பிடித்து இருத்தினார்.

நோவு அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். மூடியபடியேதான் சொன்னார்.

"என்ர அப்பர் காலத்திலயிருந்து இந்தக் கழகத்தில அடி, உடை, கொல்லு எண்டு கத்தாத ஆள் இல்லை. எல்லாம் வடிவா விளங்கிற மொழியிலதான் கத்தினவங்கள். விடு எண்டு கத்தினவன் நீ ஒருத்தன்தான். அதையும் எனக்கு விளங்காத மொழியில கத்தியிருக்கிறாய்."